அலமாரிகளுக்கு நடுவே ஜாஸ்: வாடகையை யார் கொடுப்பது?

சான் பிரான்சிஸ்கோ நகரின் தென்பாதியில் கிளென் பார்க் என்று ஒரு பகுதி. ரயில் நிலையத்திலிருந்து பொடிநடையாக வந்தால் செனரி தெரு. அங்கே 653ஆம் எண் கட்டடத்தில் இருக்கிறது ‘பேர்ட் அண்ட் பெக்கெட்’ புத்தகக் கடை. பேர்ட் என்பது சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் செல்லப்பெயர். பெக்கெட், நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட். 1999இல் தொடங்கிய இந்தக் கடையில் புதுப் புத்தகம், பழைய புத்தகம், இசைத்தட்டு எல்லாம் கிடைக்கும். 2007இல் அந்தப் பகுதியின் கிளை நூலகம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, காலியான பழைய நூலக இடத்துக்குக் கடை குடிவந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே ஜாஸ் வாசிக்கும் வழக்கம் அதற்கும் சில ஆண்டுகள் முன்பே வேர்பிடித்துவிட்டது.

இத்தகைய கடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு கணக்குச் சொல்வார்கள்: இசை வைத்தால் ஆள் வரும், ஆள் வந்தால் புத்தகம் விற்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தாளில் போட்டுப் பார்த்தால் நிற்கவில்லை. அமெரிக்காவில் 25 டாலர் புத்தகம் ஒன்றை விற்றால் கடைக்காரர் கையில் ஏறக்குறைய 10 டாலர் தங்கும். மீதி பதிப்பாளருக்கும் விநியோகஸ்தருக்கும் போய்விடும். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஆளுக்கு 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். தாராளம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த 400 டாலரை ஈட்ட 40 புதுப் புத்தகங்கள் கூடுதலாக விற்றாக வேண்டும். இதில் வாடகை, மின்சாரம், ஊழியர் சம்பளம் எதுவும் சேரவில்லை. ஐம்பது நாற்காலி போடக்கூடிய கடையில் வந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் புத்தகத்தோடு வீடு திரும்பினால்தான் கணக்கு நேராகும். போதாக்குறைக்கு, வாசிப்பு நடக்கும்போது மேடையாகிவிட்ட மூலையில் இருக்கும் அலமாரிகளை ஒருவரும் நெருங்க முடியாது. டபுள் பாஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியக் கலைஞர் தனி வாசித்துக்கொண்டிருக்கையில் அவர் தோளுக்கு மேலே கைநீட்டிக் கவிதைத் தொகுப்பை உருவுகிற துணிச்சல் யாருக்கு இருக்கிறது?

ஆகவே, இசையை விற்பனை உத்தியாகப் பார்த்தால் எதுவும் விளங்காது. காசு பார்க்க முடியாத இரண்டு தொழில்கள் ஒரே கூரையின் கீழ் ஒண்டிக்கொண்டு வாடகையைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று பார்த்தால் விளங்கும். ஜாஸ் ஏன் இங்கே ஒண்ட வந்தது என்று கேட்டால், அது எந்த வீட்டிலிருந்து வெளியேறி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்த வீடு மதுக்கூடம். கிளப் முதலாளிக்கு வருமானம் கோப்பையிலிருந்து வந்தது. இசை, கோப்பை காலியாவதற்கான ஏற்பாடு. நுழைவுக் கட்டணம் தவிர ஆளுக்கு இரண்டு பானமாவது வாங்கியாக வேண்டும் என்ற விதி இன்றும் பல கிளப்களில் நடப்பில் இருக்கிறது. எத்தனை மணிக்குத் தொடங்குவது, இடைவேளை எவ்வளவு நேரம், ஒரே மாலையில் எத்தனை முறை வாசிப்பது என்பதையெல்லாம் பார்தான் தீர்மானித்தது.

மது வந்தால் உரிமம் வரும். உரிமம் வந்தால் காவல் துறை வரும். நியூயார்க்கில் 1940 முதல் 1967 வரை, மது விற்கும் கேளிக்கை விடுதிகளில் வேலை செய்கிற எவரும் காவல் துறையிடம் கைரேகை பதித்து ஓர் அட்டை வாங்க வேண்டும். பாடகர், சமையல்காரர், பியானோ கலைஞர் எல்லோருக்கும் இதே விதி. போதைப்பொருள் வழக்கில் பெயர் அடிபட்டால் அட்டை பறிபோகும். பாடகி பில்லி ஹாலிடே 1947இல் இழந்தார், சார்லி பார்க்கர் 1951இல் இழந்தார். அதே ஆண்டு அட்டையை இழந்த பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க், 1957 வரை தான் வாழ்ந்த ஊரின் கிளப்களில் வாசிக்க முடியாமல் இருந்தார். இருபதாம் நூற்றாண்டின் பெரிய இசைமேதைகளில் ஒருவருக்கு, ஒரு மதுக்கூட ஊழியருக்கான அட்டை இல்லாததால் ஆறு ஆண்டுகள் மேடை இல்லை. அவர் மதுக்கூடத்துக்கு வெளியே வாசிக்கத் தடை எதுவும் கிடையாது. ஆனால் வெளியே மேடை ஏது?

வயதும் ஒரு சிக்கல். சான் பிரான்சிஸ்கோவில் டர்க் தெருவும் ஹைட் தெருவும் சந்திக்கும் முனையில் 1949 முதல் 1963 வரை ‘பிளாக்ஹாக்’ என்ற கிளப் இருந்தது. பியானோ கலைஞர் டேவ் புரூபெக் அங்கே நெடுநாள் வாசித்தார். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1961 ஏப்ரலில் இரண்டு இரவுகள் வாசித்ததை அங்கேயே ஒலிப்பதிவு செய்தார்கள். கலிபோர்னியாவில் 21 வயது நிறையாதவருக்கு மது தரக்கூடாது. பிளாக்ஹாக்கில் அதற்கு ஒரு வழி கண்டார்கள். அரங்கின் ஒரு பக்கத்தில் கோழிக்கூட்டுக் கம்பிவலை அடித்து, இளையவர்களை அதற்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். அந்தப் பக்கம் குளிர்பானம், இந்தப் பக்கம் விஸ்கி, இசை இரண்டு பக்கத்துக்கும். கேலிக்கூத்துதான். ஆனாலும் அந்த முதலாளிகளை எனக்குப் பிடிக்கிறது, வலையாவது அடித்தார்களே. பெரும்பாலான இடங்களில் இளையவர்களை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். ஜாஸ், அடுத்தவர் கைவிரலைப் பார்த்தும் மூச்சைக் கேட்டும் கற்கும் கலை. பள்ளி இசைக்குழுவில் ட்ரம்பெட் ஊதும் பதினான்கு வயதுப் பெண் புத்தகக் கடையில் முதல் வரிசையில் உட்காரலாம். இடைவேளையில் எழுந்து போய் அந்தக் கலைஞரிடமே சந்தேகம் கேட்கலாம். கிளப்பில் அவளுக்கு இதற்கு இன்னும் ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

நாற்காலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1930களின் ஜாஸ் ஆடுவதற்கானது: பதினைந்து பேர் கொண்ட பெருங்குழு, பரந்த ஆடுதளம், பாடகர். அதை எந்தப் புத்தகக் கடைக்குள்ளும் திணிக்க முடியாது. அந்த இசை சுருங்கி நாற்காலிக்கு வந்ததில் ஒரு வரிக்கும் பங்குண்டு. 1944 ஏப்ரலில், போர்ச் செலவுக்காக அமெரிக்க மத்திய அரசு, நடனமோ பாட்டோ உள்ள விடுதிகளின் வசூல்மீது 30 சதவீத வரி போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் சில மாதங்களில் அதை 20 சதவீதமாகக் குறைத்தது. வெறும் வாத்திய இசைக்கு, யாரும் ஆடாத இடத்துக்கு, வரி இல்லை. ஆடுதளத்தை மூடிவிட்டு மேசை நாற்காலி போட்டவருக்கு லாபம். ஆட்கள் போருக்குப் போனது, பெட்ரோல் பங்கீட்டால் பெருங்குழுக்கள் ஊர் ஊராகச் சுற்ற முடியாமல் போனது என்று வேறு காரணங்களும் இருந்தன. பீபாப் என்ற புதிய நடை ஒரு வரியிலிருந்து பிறந்தது என்று சொல்வது அதிகப்படி. ஆனால் நான்கைந்து பேர் வாசிக்க, மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்கும் பழக்கத்துக்கு அந்த வரி துணைபோனது. 1965இல் வரி ஒழிந்தபோது ரசிகர்கள் நன்றாக உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.

புத்தகக்காரர்களும் இசைக்காரர்களும் ஏற்கெனவே ஒருமுறை கைகோத்துப் பார்த்தவர்கள்தான். ‘சிட்டி லைட்ஸ்’ புத்தகக் கடை 1953இல் சான் பிரான்சிஸ்கோவின் கொலம்பஸ் அவென்யூவில் பிறந்தது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான கவிஞர் லாரன்ஸ் பெர்லிங்கெட்டியும், மூத்த கவிஞர் கென்னத் ரெக்ஸ்ராத்தும் 1957இல் கிரீன் தெருவில் இருந்த ‘தி செல்லர்’ என்ற நிலவறைக் கிளப்பில் ஜாஸ் குழுவோடு சேர்ந்து கவிதை படித்தார்கள். அது இசைத்தட்டாகவும் வந்தது. கவிதையும் இசையும் எல்லா இடத்திலும் ஒட்டவில்லை என்பது என் அபிப்பிராயம். சில இடங்களில் கவிஞர் முடிப்பதற்காக டிரம்ஸ் கலைஞர் பொறுமையாகக் காத்திருப்பது போலவே கேட்கிறது. அன்று புத்தகக் கடைக்காரர் கிளப்பைத் தேடிப் போனார். இன்று கிளப்கள்தான் அருகிவிட்டன.

நகரின் நார்த் பீச் பகுதியில் காவல் நிலையத்தை ஒட்டி இருந்த ‘கீஸ்டோன் கார்னர்’ ஜாஸ் கிளப் 1983இல் மூடப்பட்டது. பில்மோர் பகுதியில் 2007இல் பெருஞ்செலவில் திறந்த ‘யோஷிஸ்’ ஜாஸ் கிளப்பின் கிளை ஏழே ஆண்டு தாக்குப்பிடித்தது. மறுபக்கம், 2013 ஜனவரியில் 6.4 கோடி டாலர் செலவில் 700 இருக்கைகளோடு எஸ்எஃப்ஜாஸ் அரங்கம் எழுந்தது. நல்ல அரங்கம், நல்ல ஒலியமைப்பு; உலகப் புகழ் பெற்றவர்கள் வருகிறார்கள். நகரத்திலேயே வாழ்ந்து, பகலில் பள்ளியில் இசை கற்பித்து, மாலையில் வாசிக்க இடம் தேடுகிற நூற்றுக்கணக்கான கலைஞர்களுக்கு 700 இருக்கையை நிரப்பும் பெயர் கிடையாது. அவர்களுக்கு வேண்டியது ஐம்பது இருக்கை, வாரந்தோறும். அந்த அளவில்தான் இடங்கள் அருகிப்போயின.

நகராட்சியும் ஒருவழியாக இதைப் புரிந்துகொண்டது. முன்பு சின்னச் சிற்றுண்டிக் கடையில் ஒருவர் கிதார் வாசித்தாலும் பெரிய கேளிக்கை விடுதிக்குரிய அனுமதி வேண்டியிருந்தது. 2011இல் சான் பிரான்சிஸ்கோ ‘வரையறுக்கப்பட்ட நேரடி நிகழ்ச்சி’ என்றொரு எளிய அனுமதியை உண்டாக்கியது. வாசிக்கும் இடம் 200 சதுர அடிக்கு மேல் போகக்கூடாது. பொதுவாக இரவு 10 மணிக்குள் முடிக்க வேண்டும். 200 சதுர அடி என்பது ஒரு பெரிய படுக்கையறை அளவுதான். அதற்குள் டிரம்ஸ், டபுள் பாஸ், பியானோ, சாக்ஸபோன் நான்கும் அடங்கும், ஆட்கள் முழங்கையை மடக்கிக்கொண்டால்.

பாட்டுக்கு உரியவருக்குச் சேர வேண்டிய பணம் தனி. நியூயார்க்கின் பிராட்வேயில் ஷான்லி என்ற உணவகத்தில் தன் பாட்டைப் பாடுகிறார்கள் என்று இசையமைப்பாளர் விக்டர் ஹெர்பெர்ட் வழக்குத் தொடுத்தார். நாங்கள் இசைக்குக் கட்டணம் வாங்கவில்லை, சாப்பாட்டுக்குத்தான் வாங்குகிறோம் என்றது உணவகம். 1917இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அந்த வாதத்தை உடைத்தார். இசையால் பலன் இல்லை என்றால் அதைக் கைவிட்டிருப்பார்கள். பலன் இருக்கிறதென்றால் அது பொதுமக்கள் பையிலிருந்துதான் வருகிறது என்பது அவர் எழுதியதன் சாரம். இன்றைய புத்தகக் கடைக்காரர், நான் புத்தகம்தானே விற்கிறேன் என்று வாதாட முடியாமல் போனது அந்த நாளில்தான். அதனால் அஸ்காப், பிஎம்ஐ போன்ற உரிமை அமைப்புகளுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுகிறார்கள். 1998இல் வந்த சட்டத் திருத்தம் 2,000 சதுர அடிக்குக் குறைந்த கடைகளில் வானொலியை ஒலிக்கவிட இலவச அனுமதி தந்தது. அதே கடையில் உயிருள்ள மனிதர் வாசித்தால் உரிமம் வேண்டும். இன்னொரு விலக்கும் சட்டத்தில் இருக்கிறது: லாப நோக்கமின்றி, கலைஞருக்கோ ஏற்பாட்டாளருக்கோ எந்த ஊதியமும் தராமல் நடத்தும் நிகழ்ச்சிக்கு, நுழைவுக் கட்டணமும் இல்லையென்றால், உரிமம் தேவையில்லை. கலைஞரை வெறுங்கையோடு அனுப்பினால் சலுகை, கூலி கொடுத்தால் செலவு! நேர்மையான கடைக்காரர் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

இசைக்கு வருவோம். புத்தகம் நிறைந்த அறை இசைக்கு உகந்தது. யாரும் திட்டமிடாமல் வாய்த்த அனுகூலம் இது. ஒரே அளவில் நிற்காத முதுகுகள், முன்னும் பின்னுமாகத் துருத்தி நிற்கும் தடித்த நூல்கள், ஒல்லிப் பிரசுரங்கள் எல்லாம் ஒலியைப் பல திசைகளில் சிதறவிடுகின்றன. காகிதம் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வெற்றுச் சுவர் போல ஒலியைத் திருப்பி முகத்தில் அறைவதில்லை. சாக்ஸபோனுக்கு ஒலிவாங்கி வேண்டாம். டபுள் பாஸின் மரப்பெட்டி அதிர்வதை இரண்டாம் வரிசையில் இருப்பவர் நாற்காலியின் காலிலேயே உணரலாம்.

கஷ்டம் டிரம்ஸுக்கு. பத்தடி தூரத்தில் ரசிகர் உட்கார்ந்திருக்கும்போது குச்சியால் ஓங்கி அடித்தால் மற்ற வாத்தியம் எதுவும் காதில் விழாது. அதனால் பாதி மாலைக்கு பிரஷ்தான். மெல்லிய கம்பிகளை விசிறி போல விரித்த கருவி அது. இடது கை ஸ்நேர் டிரம்மின் தோல்மேல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருக்கும். அந்த உரசல் ஒருபோதும் அறுபடாது. வலது கை அதன்மேல் தாளத்தைத் தட்டும். கிளப்பில் பின்வரிசைக்கு இந்த உரசல் எட்டுவதேயில்லை; ஐஸ் கட்டி குலுங்கும் ஓசையும் கல்லாப்பெட்டி ஓசையும் விழுங்கிவிடும். இங்கே அதுவே மாலையின் அடித்தளம். வட்டம் எந்த இடத்தில் சற்று வேகம் கொள்கிறது, எந்த இடத்தில் கம்பிகள் தோலை விட்டு எழும்புகின்றன என்பதுவரை கேட்கலாம். சத்தமாக வாசித்துப் பழகிய கலைஞர்களுக்கு இது சோதனை. தவறினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பியானோ வேறு விதத்தில் தொல்லை. அது நிற்கும் இடத்தில் இரண்டு அலமாரி வைக்கலாம், ஆண்டு முழுவதும் அந்த இடத்துக்கு வாடகை ஓடுகிறது, சுருதி கூட்டுகிறவருக்கும் அடிக்கடி பணம் தர வேண்டும். பியானோ இல்லாத சின்ன இடங்களில் கிதார் கலைஞர்களுக்கு வாய்ப்பு கூடுவதற்கு ரசனை மட்டும் காரணமில்லை. நடுக் கடையில் இருக்கும் மேசைகளையும் அலமாரிகளையும் சக்கரத்தின்மேல் ஏற்றிவைப்பது இத்தகைய கடைகளில் சாதாரணம். நிகழ்ச்சிக்கு முன்பு தள்ளி ஓரங்கட்டுவார்கள், முடிந்ததும் மறுபடி இழுத்து வருவார்கள். விற்பனை என்று ஏதாவது நடந்தால் அது பெரும்பாலும் இரண்டு அமர்வுகளுக்கும் நடுவே இருக்கும் இடைவேளையில்தான்.

புத்தகக் கடைகளின் கதையையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். 1995இல் அமேசான் விற்கத் தொடங்கியது. அமெரிக்கப் புத்தக விற்பனையாளர் சங்கத்தின் உறுப்புக் கடைகள் 2009 வாக்கில் சுமார் 1,650 ஆகச் சரிந்தன. அடுத்த பத்தாண்டில் 2,500ஐத் தாண்டின. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ரையன் ரஃபேலி இந்த மீட்சியை ஆராய்ந்து மூன்று காரணங்கள் சொன்னார்: உள்ளூர்ச் சமூகத்தோடு உறவு, தேர்ந்தெடுத்து அடுக்கும் திறமை, மக்களைக் கூட்டும் நிகழ்ச்சிகள். மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, நிகழ்ச்சி நடத்தினால் கடை பிழைக்கும் என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். எழுத்தாளர் வந்து பேசினால் அவருடைய புத்தகம் அங்கேயே விற்கும், சரி. சாக்ஸபோன் வாசிப்பவர் எதை விற்பார்?

கிளென் பார்க் கடை இதற்குக் கண்ட வழி, வியாபாரத்தை ஒரு பக்கமும் இசையை இன்னொரு பக்கமும் பிரித்துவைத்தது. நிகழ்ச்சிகளுக்கென்று ‘பேர்ட் அண்ட் பெக்கெட் கல்ச்சுரல் லெகசி ப்ராஜெக்ட்’ என்ற லாபநோக்கற்ற அமைப்பு இயங்குகிறது. ரசிகர்களும் அக்கம்பக்கத்தவரும் அதற்கு நன்கொடை தருகிறார்கள். கொடுப்பவருக்கு வரிச்சலுகை உண்டு. 2020 மார்ச்சில் நகரமே வீட்டுக்குள் முடங்கியபோது இந்தப் பிரிவினை கைகொடுத்தது. நாற்காலிகள் காலியாக இருக்க, இசைக்கலைஞர்கள் கடைக்குள் வாசிக்க, நேரலையில் பார்த்தவர்கள் வீட்டிலிருந்தே பணம் அனுப்பினார்கள். கேமராக்களுக்கு அதன்பிறகும் வேலை போகவில்லை.

இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு நெருடலும் உண்டு. இதைப் பார்த்து இசை வைக்கிற வேறு பல கடைகளில் உண்டியல் மட்டும்தான் வைக்கிறார்கள். விழுந்தது கலைஞருக்கு, விழாததும் கலைஞருக்கு. மழை பெய்தால் நஷ்டத்தை ஏற்பவர் கடைக்காரர் அல்லர், நான்கு வாத்தியக்காரர்கள். முன்கூட்டியே இவ்வளவு என்று உறுதி சொல்லிவிட்டு உண்டியலை அதற்குமேல் வைக்கிற இடங்களுக்கும் இவற்றுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அங்கே போகிறவர்கள் கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

எல்லா ஏற்பாடும் சரியாக இருந்தாலும் கட்டடம் வேறொருவருடையது. இதை விளக்க அதே ஊரிலேயே ஒரு வீடு இருக்கிறது. போஸ்ட் தெரு 1690ஆம் எண்ணில் இருந்த விக்டோரியா பாணி வீடு அது. 1942இல் ஜப்பானிய வம்சாவளியினரைப் போர்க்காலத் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பும்வரை அங்கே ஒரு ஜப்பானிய மருந்துக் கடை இருந்தது. 1950இல் அதே கட்டடத்தில் ‘ஜிம்போஸ் பாப் சிட்டி’ என்ற ஜாஸ் கிளப் வந்தது. மற்ற கிளப்கள் அதிகாலை 2 மணிக்கு மூடியதும் இங்கே வாசிப்பு தொடங்கும், விடியும்வரை நடக்கும். 1965இல் அது முடிந்தது. நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் பில்மோர் சுற்றுவட்டாரத்தில் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளை ஆயிரக்கணக்கில் இடித்தார்கள். இந்த வீட்டை மட்டும் இடிக்காமல் 1970களில் பெயர்த்தெடுத்து பில்மோர் தெரு 1712ஆம் எண்ணுக்கு நகர்த்தினார்கள். அதில் 1981இல் குடிவந்தது ‘மார்கஸ் புக்ஸ்’. 1960இல் தொடங்கிய, நாட்டின் மிகப் பழைய கறுப்பினப் புத்தகக் கடைகளில் ஒன்று. ஜாஸ் இருந்த சுவர்களுக்குள் புத்தகம் வந்தது.

2013இல் கட்டடம் ஏலத்தில் கைமாறியது. திரும்ப வாங்க ஊர் கூடிப் பணம் திரட்டியது, போதவில்லை. 2014இன் தொடக்கத்தில் நகரம் அந்த வீட்டை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் கடையை வெளியேற்றினார்கள். சட்டம் காத்தது முகப்பையும் சன்னல்களையும். வாடகைதாரரைக் காக்க அதில் ஒரு வாக்கியம்கூட இல்லை. பக்கத்து நகரமான ஓக்லாந்தில் இருக்கும் கிளை இன்றும் நடக்கிறது.

அடுத்த ஆண்டு நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் பழைய வணிக நிறுவனங்களுக்கு ஒரு நிதியை அங்கீகரித்தார்கள். பொதுவாக 30 ஆண்டுக்கு மேல் ஒரே ஊரில் நடக்கும் கடைகளுக்கானது. கடைக்குத் தருவதோடு நிற்காமல் கட்டட உரிமையாளருக்கும் அதில் பங்கு வைத்தார்கள்: வாடகைதாரருக்குப் பத்து ஆண்டு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தால், சதுர அடிக்கு ஆண்டுக்கு நான்கரை டாலர்வரை அவருக்கு மானியம்.